சீட்டில் எந்த வரியை யார் படிக்கிறார்கள்?

“யூ.பி.எஸ்.ஆரை எடுத்துட்டாங்க. பி.டி.3-ஐயும் எடுத்துட்டாங்க. அப்புறம் எஸ்.பி.எம். மட்டும் எதுக்குண்ணே? அதுவும் ஒருநாள் போகத்தானே போகுது?”

கேட்டவர் லாரி ஓட்டும் தம்பி. அம்பாங்கில், பண்டான் இண்டா எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒட்டுக்கடைக்குச் சனிக்கிழமை காலையில் தே தாரிக் குடிக்க வருவார். மூத்த மகள் படிவம் 4. பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் இன்னும் பேச்சுக்கு வரவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வந்து சேரும். “தேர்வு முக்கியம்பா, படிக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்க்கலாம். ஆனால் அது பதில் ஆகாது. அரசாங்கத் தேர்வு எல்லாமே ஒரே மாதிரி முக்கியமில்லை. ஒரே தேர்வுக்குள்ளும் எல்லாப் பாடமும் ஒரே மாதிரி முக்கியமில்லை. முடிவுச் சீட்டை யார் கையில் எடுத்துப் படிக்கிறார்கள், அதில் எந்த வரியைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் போய்விட்ட தேர்வுகளைப் பற்றிப் பேசிவிடுவோம். 1964 வரை ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போக ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாத பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வயதோடு படிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதை எடுத்த பிறகு, வடிகட்டும் இடம் மூன்றாம் படிவத்துக்கு நகர்ந்தது. தம்பியின் அப்பா காலத்தில் எல்.சி.இ., பிறகு எஸ்.ஆர்.பி., 1993இலிருந்து பி.எம்.ஆர்., 2014இலிருந்து பி.டி.3. இதற்கிடையில் 1988இல் ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். வந்தது. 2021இல் யூ.பி.எஸ்.ஆரையும், 2022இல் பி.டி.3-ஐயும் கல்வி அமைச்சு நிறுத்தியது.

இந்தத் தேர்வுகளில் எதையும் எந்தப் பல்கலைக்கழகமும் படித்துப் பார்த்ததில்லை. தமிழ்ப்பள்ளி வாசலில் 7 ஏ எடுத்த பிள்ளைகளின் படம் போட்டுப் பதாகை கட்டினோம். ஆங்கிலம் இரண்டு தாளான பிறகு 8 ஏ எடுத்தவர்களுக்குக் கட்டினோம். மாலை போட்டோம், சைக்கிள் கொடுத்தோம். ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை உயர்கல்விக்கு விண்ணப்பித்தபோது யூ.பி.எஸ்.ஆர். என்ற கட்டமே பாரத்தில் கிடையாது. முழுத் தங்கும் பள்ளிகள்தாம் அதைப் பார்த்தன. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது செய்த பெரிய வேலை ஒன்றுதான்: தேசிய மொழியில் குறைந்த தரம் வாங்கியவர்களைப் புகுமுக வகுப்புக்கு அனுப்பி ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க வைத்தது. இப்போது அதைப் பள்ளியிலேயே நடக்கும் மதிப்பீட்டை வைத்து முடிவு செய்கிறார்கள். தங்கும் பள்ளிகளோ யூ.பி.எஸ்.ஆர். போனதும் தங்களுக்கென்று பி.கே.எஸ்.கே. என்ற நுழைவுத் தேர்வை வைத்துக்கொண்டன. இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும் வரை, ஒரு தேர்வை எடுத்தால் இன்னொன்று முளைக்கும்.

யூ.பி.எஸ்.ஆர். போனதில் எனக்கு வருத்தமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விடியற்காலை டியூஷனுக்கு எழுப்பியதெல்லாம் போதும். பி.டி.3 விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன உறுத்தல். தம்பி மகள் வயதுப் பிள்ளை, வெளியாள் திருத்தும் விடைத்தாளை முதல்முறையாக எழுதுவது பதினேழு வயதில், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். மண்டபத்தில்தான். ஒத்திகை இல்லாத மேடை. ஆகவே மற்ற தேர்வுகள் போனதால் எஸ்.பி.எம்.-இன் பாரம் குறையவில்லை, கூடிவிட்டது. தம்பி கேட்டதற்கு நேர்மாறான நிலைமை.

“சரிண்ணே, அந்த எஸ்.பி.எம். சீட்ட யாரு பாக்குறா?”

இந்தக் கேள்விக்குத்தான் டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் முன்னால் அரசாங்கமே பார்க்கிறது. மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. 2013இலிருந்து வரலாற்றிலும் தேற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று போனாலும், கணிதத்திலும் வேதியியலிலும் ஏ பிளஸ் வாங்கியிருந்தாலும், கையில் முழுச் சான்றிதழ் இருக்காது. தவறியவர்கள் அந்தத் தாளை மறுபடி எழுத வழி இருக்கிறது. அதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை போய்விடும். “செஜாராதானே, மனப்பாடம் பண்ணிக்கலாம்” என்று கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கும் அறிவியல் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேர்ச்சி வேறு, கிரெடிட் வேறு. டி-யும் ஈ-யும் தேர்ச்சி. சி-யிலிருந்து மேலே கிரெடிட். பொதுப் பல்கலைக்கழகம் மலாய் மொழியில் கேட்பது கிரெடிட்டை. தனியார் கல்லூரியின் அடித்தளப் படிப்புக்குப் பொதுவாக ஐந்து பாடத்தில் கிரெடிட், டிப்ளோமாவுக்கு மூன்று. இந்த அளவுதான் குறைந்தபட்சம். மருத்துவம் என்றால் கதை வேறு: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம் என ஐந்திலும் எஸ்.பி.எம்.-இல் குறைந்தது பி வேண்டும். இது அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் தனியாரில் படித்தாலும் மருத்துவ மன்றம் வைத்திருக்கும் கோடு. ஆறாம் படிவத்தில் பிறகு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்தப் பழைய சி மறையாது. பிள்ளைக்கு மருத்துவ ஆசை இருந்தால் அவள் கவலைப்பட வேண்டியது மொத்தம் எத்தனை ஏ என்பதைப் பற்றியல்ல, இந்த ஐந்து பாடத்தைப் பற்றி.

அடுத்தது, பலர் மறந்துவிடும் ஒரு வாசகர். பட்டம் வாங்கி, வயது இருபத்தைந்தாகி, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொதுச் சேவை ஆணையம் மறுபடியும் எஸ்.பி.எம். மலாய் மொழித் தரத்தைத்தான் கேட்கும். முதல் வகுப்புப் பட்டம் மேலே இருக்க, பதினேழு வயதில் எழுதிய ஒரு தாளைத் தேடிப் பெட்டியைக் கிளறுவார்கள்.

தனியார் கல்லூரிகள் இன்னொரு விதம். அவை எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருப்பதில்லை. முடிவு வர மார்ச், ஏப்ரல், சில ஆண்டு மே கூட ஆகிவிடுகிறது. ஜனவரியிலேயே வகுப்பு தொடங்க வேண்டுமே! அதனால் பள்ளியில் நடக்கும் முன்னோட்டத் தேர்வின் முடிவை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். அதை வைத்துக் கட்டணக் கழிவும் பேசுகிறார்கள். அரசு மதிக்காத பள்ளித் தேர்வுக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. முன்னோட்டத் தேர்வுதானே என்று அலட்சியமாக எழுதிய பிள்ளையின் பெற்றோருக்குப் பிறகுதான் அதன் விலை தெரியும்.

தம்பி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது; தேசியச் சராசரித் தரம் 4.49, பத்தாண்டில் இல்லாத நல்ல முடிவு என்று. “4.49 நல்லதாண்ணே? நாலுக்கு மேல போயிடுச்சே?” இந்தக் குழப்பம் அவருக்கு மட்டுமில்லை. அந்தக் கணக்கில் ஏ பிளஸ்ஸுக்கு 0, தோல்விக்கு 9. எண் குறையக் குறைய நல்லது. 2023ஆம் ஆண்டுத் தேர்வில் 4.60 இருந்தது, 2024இல் 4.49 ஆனது. ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் கணக்கு தலைகீழ், அங்கே 4.00 தான் உச்சம். அந்த 2024 தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ வகைத் தரம் வாங்கியவர்கள் 14,179 பேர். ஏறக்குறைய 4 லட்சம் பேர் எழுதும் தேர்வில் இது சிறு கூட்டம்தான். ஆனாலும் நல்ல இடங்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் பெரிய கூட்டம். எல்லாம் ஏ வாங்கினால் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கை உடையும் இடம் இதுதான்.

ஆக, எஸ்.பி.எம். பட்டப்படிப்பில் இடம் வாங்கித் தருவதில்லை. பட்டப்படிப்புக்குப் போகும் பாதையில் இடம் வாங்கித் தருகிறது. பாதை பல. மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பல்கலைக்கழகங்களின் அடித்தளப் படிப்பு, பாலிடெக்னிக் டிப்ளோமா, தனியாரில் ஏ லெவல் போன்றவை. லாரி ஓட்டும் குடும்பத்துக்குக் கையில் எட்டுவது முக்கியமாக முதல் இரண்டும்தான். அவற்றைப் பற்றி விரிவாகச் சொன்னேன்.

மெட்ரிகுலேஷன் ஒரு வருடப் படிப்பு. தங்குமிடம் உண்டு, மாதம் சிறு உதவித்தொகையும் உண்டு. நம் வட்டாரத்துக்குப் பக்கத்தில் பந்திங்கில் ஒரு கல்லூரி இருக்கிறது, ஆனால் எங்கே போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. முதலில் பூமிபுத்ராக்களுக்கு மட்டும் என்றிருந்ததை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மற்றவர்களுக்கும் பத்து விழுக்காடு திறந்துவிட்டார்கள். 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று அறிவித்தார்கள், 2018இல் அது 2,200 ஆனது. 2019இல் மொத்த இடத்தை 25,000-இலிருந்து 40,000-க்கு உயர்த்தினார்கள். 90க்கு 10 என்ற விகிதம் மட்டும் அப்படியே நின்றது. 2024 ஜூன் கடைசியில் பிரதமர் அன்வார் இப்ராகிம், 10 ஏ-யும் அதற்கு மேலும் வாங்கிய எல்லோருக்கும் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தார். இந்த அறிவிப்பில் 10 என்ற எண்ணைக் கவனியுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளியிலேயே நடக்கிறது. செலவு பெரிதாக இல்லை. முடிவில் எழுதுவது எஸ்.டி.பி.எம்., அதை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். நம் ஆட்களுக்கு இதன் மேல் ஒரு பயம். “ரொம்பக் கஷ்டம்ணே, ஒன்றரை வருஷம் வீணாப் போயிடும்.” அந்தப் பயம் பழைய எஸ்.டி.பி.எம்.-ஐப் பார்த்து வந்தது. அப்போது எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். 2012இலிருந்து அது மூன்று பருவமாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொரு பருவ முடிவிலும் தேர்வு, கூடவே பள்ளியில் செய்யும் பணிக்கும் மதிப்பெண். ஒரு பருவத் தாளில் சறுக்கினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பாடம் இன்றும் கடினம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் எஸ்.டி.பி.எம்.-ஐ பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் ஏ லெவலுக்கு நிகராக ஏற்கிறார்கள். மெட்ரிகுலேஷனுக்கு அந்த வீச்சு இல்லை. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நாடு தாண்டியும் பேசும் ஒரு சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் அதை ஏன் கடைசித் தெரிவாக வைத்திருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவே இல்லை. மெட்ரிக் கிடைக்காதவன் போகும் இடம் என்று ஆறாம் படிவத்துக்கு நாமே பெயர் வைத்துவிட்டோம்.

இரண்டு பாதையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: யூ.பி.யூ. எனப்படும் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவு. 1970களிலிருந்து இருந்த இன ஒதுக்கீட்டை 2002ஆம் ஆண்டுச் சேர்க்கையில் எடுத்துவிட்டு ‘மெரிட்’ முறை என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு படிப்புக்கு, பத்து புறப்பாடத்துக்கு. கணக்கு எளிது. ஒரு பிள்ளை 4.00 வாங்குகிறாள், முழு 90. சாரணர் இயக்கம் பக்கம் தலை வைத்ததில்லை, புறப்பாடத்தில் 6. மொத்தம் 96. இன்னொருத்தி 3.92 வாங்குகிறாள். அது தொண்ணூறுக்கு 88.2. பூப்பந்தில் மாநில அளவில் ஆடியவள், மாணவர் மன்றத் தலைவி, புறப்பாடத்தில் 9. மொத்தம் 97.2. இரண்டாமவள் முன்னே போய்விட்டாள். டியூஷனுக்கு நேரமில்லை என்று விளையாட்டை நிறுத்தும் பெற்றோர் இந்தக் கூட்டலை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

“ரெண்டு பாதையிலயும் வேற வேற பரீட்சதானே எழுதுறாங்க. எப்படிண்ணே ஒரே தட்டுல வைக்கிறாங்க?”

தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஒரு வருட மெட்ரிகுலேஷனின் 4.00-உம் ஒன்றரை வருட எஸ்.டி.பி.எம்.-இன் 4.00-உம் யூ.பி.யூ. கணக்கில் ஒன்றேதான். ஆனால் பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு, திருத்துகிறவர்கள் வேறு. 2002இலிருந்து நடக்கும் சண்டை இதுதான். தேர்வு பொதுவாக இருந்தால்தான் மெரிட் என்ற பேச்சுக்கே பொருள் உண்டு என்பது என் கட்சி. 2025இல் கூட எஸ்.டி.பி.எம்.-இல் 4.00 வாங்கி, மெரிட் மதிப்பெண் நூறை ஒட்டி இருந்த ஒரு மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கேட்ட கணக்கியல் இடம் கிடைக்காமல் போனது நாடு முழுக்கப் பேச்சானது. மெரிட் போதாது, நேர்முகமும் இடத்தின் எண்ணிக்கையும் விண்ணப்பத்தில் படிப்புகளை வரிசைப்படுத்திய விதமும் சேர்ந்துதான் முடிவாகிறது என்பதைப் பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரே தேர்வை எழுதினாலே நியாயம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இலங்கையில் 1971இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவத்துக்குச் சிங்கள வழியில் எழுதியவர் 229 எடுத்தால் போதும், தமிழ் வழியில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும் என்றார்கள். தேர்வு ஒன்றே. கோடு மட்டும் இரண்டு. அது அந்த நாட்டை எங்கே கொண்டுபோய்விட்டது என்பது நமக்குத் தெரியும். நம் நாட்டில் கோடு ஒன்று, தேர்வு இரண்டு. இரண்டுக்கும் எடை ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தேர்வின் மதிப்பைத் தேர்வறை தீர்மானிப்பதில்லை, அதற்குப் பிறகு உட்கார்ந்து எண்களைக் கூட்டுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்பதை இரண்டு இடமும் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் இன்னும் வினோதம். 2006இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மருத்துவ இடம் கொடுத்தார்கள். 2017இல் நாடு தழுவிய நீட் தேர்வு கட்டாயமானதும் அந்த மதிப்பெண் மருத்துவச் சேர்க்கைக்கு எடுபடாமல் போனது. அரசு நடத்தும் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தாலும் நீட் இல்லாமல் உள்ளே போக முடியாது. அரசுப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய வெளியிலேயே நின்றுவிட்டதால் 2020இல் அவர்களுக்கென்று 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மாநிலங்கள் வைக்கும் பள்ளித் தேர்வைக் கல்லூரிகள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாசசூசெட்ஸில் பள்ளி முடிக்க அந்தத் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற விதியை 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து நீக்கினார்கள். கல்லூரிகள் பார்ப்பது தனியார் அமைப்பு நடத்தும் எஸ்.ஏ.டி.-யை. அதையும் பெருந்தொற்றுக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் தள்ளிவைத்துவிட்டு, 2022இல் எம்.ஐ.டி.-யும் 2024இல் ஹார்வர்டும் மறுபடி கேட்கத் தொடங்கின. நம் நாட்டில் அரசு வைக்கும் தேர்வைப் பல்கலைக்கழகமும் படிக்கிறது, கல்லூரியும் படிக்கிறது, வேலை கொடுப்பவரும் படிக்கிறார். பிள்ளைக்கு ஒரு வகையில் இது வசதி. ஒரே தாளில் எல்லாம் தொங்குகிறது என்ற வகையில் ஆபத்து.

ஆங்கிலத்துக்கு எஸ்.பி.எம். தாள் போதாது என்பதையும் சொல்லிவைத்தேன். 1999இலிருந்து மூவெட் என்ற தனித் தேர்வு இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு அது வேண்டும். சட்டம், மருத்துவம் போன்றவற்றுக்கு உயர்ந்த நிலை கேட்பார்கள். ஆண்டில் பலமுறை நடப்பதால் தேதி பார்த்து முன்கூட்டியே எழுதிவிடலாம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இதற்காகத்தான் வந்தார் போலிருக்கிறது, மெதுவாகக் கேட்டார். “டியூஷன் டீச்சர் சொல்றாங்கண்ணே, தமிழ எடுக்க வேணாம், ஏ கெடைக்காது, ரிசல்ட்டு கெட்டுப்போயிடும்னு. வீட்டுலயும் யோசிக்கிறாங்க. புள்ள எடுக்கணுங்குறா.”

இந்த ஏ எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2004 தேர்வில் ஒரு மாணவி 17 பாடத்தில் 1ஏ வாங்கினார். 2008 தேர்வில் இன்னொரு மாணவி 20 பாடத்தில் ஏ வாங்கினார். நாளிதழ்களில் முழுப்பக்கம். அதற்குப் பிறகு பாடம் சேர்ப்பதே ஒரு பந்தயமானது. அதை அடக்க 2010இலிருந்து பத்துப் பாடத்துக்கு மேல் எழுதக் கூடாது என்றார்கள். அந்த வரம்பு நம் தலையில்தான் விழுந்தது. அறிவியல் பிரிவுப் பிள்ளையின் பாடங்களை எண்ணிப் பாருங்கள்: மலாய், ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பது ஆகிவிட்டது. தமிழ் பத்தாவது. தமிழ் இலக்கியத்துக்கு இடமே இல்லை. நம் இயக்கங்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் கூட்டம் போட்டுக் கத்திய பிறகு, 2009 கடைசியில் அமைச்சரவை பத்தோடு இரண்டு என்று இறங்கிவந்தது. பன்னிரண்டு வரை எழுதலாம். ஆனால் கூடுதலான இரண்டும் அரசாங்க உபகாரச் சம்பளக் கணக்கில் சேராது. இலக்கியம் உயிர் பிழைத்தது, ஆனால் மதிப்புக் குறைந்த பாடம் என்ற முத்திரையோடு.

தம்பிக்குச் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். தமிழில் ஏ எடுப்பது கடினம் என்பது முழுப் பொய்யில்லை. இலக்கணத்திலும் கட்டுரையிலும் வழுக்கும். ஆனால் அந்தத் தாளில் பி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சீட்டைப் படிக்கிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். மருத்துவ மன்றம் பார்ப்பது அறிவியலையும் கணிதத்தையும் தாண்டி ஐந்தாவதாக ஏதோ ஒரு பாடத்தை. அது தமிழாகவும் இருக்கலாம். தனியார் கல்லூரிக்குத் தமிழ் ஒரு கிரெடிட். எஸ்.டி.பி.எம். எழுதிய பிறகு யூ.பி.யூ. கணக்கில் அந்தத் தொண்ணூறு எஸ்.டி.பி.எம்.-இலிருந்து வருகிறது, எஸ்.பி.எம். தமிழ் அதில் ஒரு புள்ளியையும் குறைக்காது. நாளைக்குப் பிள்ளை மனம் மாறி ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ்ப்பள்ளிப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் எஸ்.பி.எம். தமிழ் இல்லாமல் முடியாது. நஷ்டம் வரக்கூடிய இடம், எல்லாவற்றிலும் ஏ என்று கேட்கும் சில உபகாரச் சம்பளங்கள் மட்டும். அந்த உயரத்தில் ஓடும் பிள்ளையா என்பதைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த 10 ஏ-க்கு வருவோம். 2024 அறிவிப்பின்படி இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் வேண்டுமானால் பத்துப் பாடத்தில் ஏ வேண்டும். தம்பி மகள் அறிவியல் பிரிவு. தமிழை விட்டால் அவள் எழுதுவது ஒன்பது பாடம். ஒன்பதிலும் ஏ பிளஸ் வாங்கினாலும் பத்து ஆகாது. தமிழை எடுத்தால் ரிசல்ட் கெடும் என்று சொன்ன ஆசிரியர், அந்தப் பத்தாவது பாடம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. ஏ மைனஸைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப் படத்தை நம்ப வேண்டாம்.

“ஸ்கூல்ல தமிழ் வகுப்பு இல்லண்ணே.”

அதற்கும் வழி இருக்கிறது. கல்விச் சட்டத்தின்படி இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வாயால் கேட்டால் நடக்காது; கையெழுத்துப் போட்டுக் கடிதமாகக் கொடுக்க வேண்டும், ஒரு நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். படிவம் 4, 5 இரண்டிலும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்று கேட்டேன். பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும் என்றார். கீழ்ப் படிவத்துப் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சட்டம் பள்ளியின் மாணவர் என்றுதான் சொல்கிறது, ஒரே வகுப்பு என்று சொல்லவில்லை. வகுப்பு அமையாவிட்டாலும் வெளியே படித்துத் தாளை எழுதலாம். ஆனால் தேர்வுப் பதிவு படிவம் 5-இன் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அப்போது பள்ளி அலுவலகம் நீட்டும் பட்டியலில் தமிழ் என்ற பாடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும்.